தஞ்சாவூரிலிருந்து தரங்கம்பாடி வரை ஒரு நாள்: வழியில் எந்த ஊரில் இறங்கலாம்?

அரிசிலாறு

எல்லோருக்கும் வணக்கம். நான் கும்பகோணம் பக்கத்துப் பெண். பன்னிரண்டு வருஷமாக அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்து டூசான் நகரத்தில் இருக்கிறோம். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறோம். ஒரு நாள் காரில் தஞ்சாவூரில் கிளம்பி, சாயங்காலம் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். வழியில் எங்கே இறங்குவது என்று கேட்கத்தான் இந்த இழை.

இந்த எண்ணம் எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் பிள்ளைகளோடு பிஸ்பீ என்ற ஊருக்குப் போனோம். டூசானிலிருந்து தென்கிழக்கே சுமார் 150 கிலோமீட்டர், 5,500 அடி உயரத்தில் இருக்கிறது. மலையைக் குடைந்து போட்ட சாலையில் நுழைந்து வெளியே வந்தால், எதிரே சரிவு முழுக்கக் கொலுப்படி வைத்தது போல வீடுகள். 1880 வாக்கில் செம்புச் சுரங்கத்துக்காக உண்டான ஊர். நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான காலத்தில் சுமார் 36 லட்சம் டன் செம்பு எடுத்திருக்கிறார்கள். 1975-இல் வேலை நின்றது. சுரங்கக்காரர்கள் போய்விட்டார்கள், வீடுகள் அடிமாட்டு விலைக்கு வந்தன. அந்த வீடுகளை ஓவியர்களும் மண்பாண்டம் செய்கிறவர்களும் வாங்கிக் குடியேறினார்கள். இன்று தெருவுக்குத் தெரு சித்திரக் கூடம், நகைப் பட்டறை.

ஊருக்குப் பக்கத்திலேயே திறந்தவெளிச் சுரங்கக் குழி ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 900 அடி ஆழம். வேலி ஓரம் நின்று பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. பழைய சுரங்கத்துக்குள் சின்ன ரயிலில் கூட்டிப்போகிறார்கள். தலைக்கு விளக்கும் தொப்பியும் தருகிறார்கள். உள்ளே எப்போதும் 8 டிகிரி குளிர். அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களே வழிகாட்டிகளாக இருந்து, தாங்கள் வெடி வைத்த இடத்தைத் தொட்டுக் காட்டுகிறார்கள். அந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நம் டெல்டாவில் இப்படி, பழைய தொழிலும் கைவேலையும் ஒன்றாகப் பார்க்கக் கிடைக்கிற ஊர் எது? கோயில்களுக்குத் தனியாக நாள் வைத்திருக்கிறோம். கூட வருவது அப்பா (74 வயது, முழங்கால் வலி), 9 வயதிலும் 13 வயதிலும் இரண்டு பிள்ளைகள்.

பொறையாத்தங்கரை

நீங்கள் கேட்கிற ஊர் தரங்கம்பாடிதான் அம்மா. நான் பக்கத்து ஊர்க்காரன், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அங்கே செம்பு என்றால் இங்கே மிளகும் துணியும். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க்காரர்களுக்கு இடம் கொடுத்தார். ஓவ கியெடே என்ற தளபதி கோட்டை கட்டினான். அதுதான் இன்று கடலைப் பார்த்து நிற்கிற டேன்ஸ்போர்க். கீழே கிடங்கும் சிறையும், மேலே ஆளுநரும் பாதிரிமாரும் தங்கிய அறைகள். 225 வருஷம் அவர்கள் கையில் இருந்தது. 1845-இல் வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். கொஞ்ச காலம் தஞ்சை ஜில்லா கலெக்டர் கச்சேரியே இங்கே இருந்தது. 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. கப்பலும் சரக்கும் அந்தப் பக்கம் போய்விட்டன. அதோடு இந்த ஊர் அடங்கியது. பிஸ்பீக்கு 1975-இல் வந்தது எங்களுக்கு நூறு வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது.

1792-இல் கட்டிய நகர வாசலுக்குள் நுழைந்ததும் ராஜ வீதி. நேராகக் கடலில் போய் முடியும். இரண்டு பக்கமும் தேவாலயங்கள், தூண் வைத்த வீடுகள். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706 ஜூலை 9-ஆம் தேதி வந்து இறங்கியது இந்தக் கரையில்தான். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு மணலில் விரல் வைத்து 'அ' எழுதிப் பழகினவர். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்து அச்சு பெரியதாக இருந்து தாளைத் தின்றதால், சின்ன எழுத்தை இங்கேயே வார்த்தார்கள். தாளும் இங்கேயே செய்யப் பார்த்தார்கள். பொறையாறு பக்கத்தில் கடுதாசிப்பட்டறை என்ற பெயர் இன்னும் இருக்கிறது. 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. அவர் 1719-இல் இறந்தபோது வயது 36. முந்தின வருஷம் தாமே கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம்.

இந்த ஊரின் வயது டேனிஷ்காரர்களோடு தொடங்கவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில் குலசேகர பாண்டியன் காலத்தது, 1306. கல்வெட்டில் ஊர் பெயர் சடங்கன்பாடி என்ற குலசேகரன்பட்டினம். கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

வண்டல்

வாத்தியார் ஐயா சொன்னது எல்லாம் சரி. ஆனால் அரிசிலாறு அக்கா கேட்டது வேற மாதிரி எனக்குப் படுது. தரங்கம்பாடியில பழைய தொழில் போச்சு, கட்டடம் நிக்குது. கைவேலை பார்க்கணும்னா சுவாமிமலை வாங்க. எனக்குச் சொந்த ஊர் அதுதான். மாமாவோட சிலை வார்க்கிற பட்டறையில எட்டு வருஷம் வேலை பார்த்தேன்.

பிஸ்பீயில செம்பு தீர்ந்த பிறகு கலைக்காரங்க வந்தாங்கன்னு எழுதியிருக்கீங்க. எங்க ஊர்ல மண்ணைத் தோண்டினா ஒரு குண்டுமணி செம்பு கிடையாது. செம்பு எங்கிருந்தோ வருது. எங்களுக்குச் சுரங்கம்னா காவேரிதான். அது கொண்டுவந்து போட்ட வண்டல் மண்ணு மாவு மாதிரி நைசா இருக்கும். மெழுகுல இருக்கிற விரல் நகக்கோடு வரைக்கும் வாங்கிக்கும். சிலை வார்க்கிற வேலை இங்க நிலைச்சதுக்குக் காரணமே அந்த மண்ணுதான்னு பெரியவங்க சொல்வாங்க. இங்க யாரும் ஊரைக் காலி பண்ணிட்டுப் போகவும் இல்ல, வெளியூர்க்காரங்க வந்து கலையைத் தொடங்கவும் இல்ல.

அரிசிலாறு

தம்பி, உங்கள் பதிலை அப்பாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். "அவன் சொல்றதுதான் சரி"ன்னு உடனே சொல்லிவிட்டார். பட்டறைக்குள் போய்ப் பார்க்க விடுவார்களா? போனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? சின்னச் சிலை ஒன்று வாங்கி இங்கே கொண்டுவரவும் ஆசை.

வண்டல்

விடுவாங்க அக்கா. வாசல்ல நின்னு கேட்டா யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. எது எது என்னன்னு தெரிஞ்சு பார்த்தா பிள்ளைங்களுக்கு மனசுல நிக்கும். அதனால விவரமா சொல்றேன்.

முதல்ல ஓலை. சிலை என்ன உயரமோ அந்த அளவுக்குத் தென்னை ஓலையை நறுக்கி, மடிச்சு மடிச்சு அளவு குறிப்பாங்க. உத்தம தசதாலம்னு சொல்ற அளவு முறையில மொத்தம் 124 பங்கு. முகம் எத்தனை, கழுத்து எத்தனை, முழங்கால் எத்தனைன்னு எல்லாம் அந்த ஓலையில இருக்கு. ஸ்கேலைவிட அதை நம்புவாங்க.

அப்புறம் மெழுகு. தேன்மெழுகு, குங்கிலியம், கொஞ்சம் கடலெண்ணெய் சேர்த்துக் காய்ச்சி, கையாலேயும் சூடு பண்ணின கரண்டியாலேயும் உருவம் பிடிக்கிறது. பக்கத்துல தண்ணிச் சட்டி இருக்கும். மெழுகு இளகினா உடனே தண்ணிக்குள்ள விடணும். இந்த வேலையைப் பார்த்துட்டே ஒரு மணி நேரம் உக்காரலாம்.

மெழுகு உருவத்து மேல வண்டலைப் பூசணும். முதல் பூச்சு ரொம்ப நைசா, அடுத்தடுத்து கனமா. வெயில்ல வைக்கக் கூடாது, நிழல்லதான் காயணும். பெரிய சிலைன்னா கம்பி சுத்திக் கட்டுவாங்க. காய்ஞ்ச பிறகு வறட்டி அடுக்கிச் சுட்டா, உள்ள இருக்கிற மெழுகு உருகி ஓடிடும். அந்த வெத்திடத்துல உலோகத்தைக் காய்ச்சி ஊத்தணும். மெழுகு என்ன எடையோ அதுக்கு எட்டு ஒன்பது மடங்கு உலோகம் பிடிக்கும். அதனால மெழுகை நிறுத்துப் பார்த்தே சிலை எவ்வளவு வரும்னு சொல்லிடுவாங்க. ஊத்துற நேரத்துல யாரும் பேச மாட்டாங்க. பாதியில நின்னா மொத்தமும் வீண், மெழுகுலேர்ந்து ஆரம்பிக்கணும்.

ஆறின பிறகு மண்ணை உடைக்கணும். அச்சு போச்சு. அதே மாதிரி இன்னொண்ணு வேணும்னா முதல்லேர்ந்துதான். உடைச்சதும் பார்க்கிற சிலை கரடுமுரடா கருப்பா இருக்கும், பிள்ளைங்க ஏமாந்துடப் போறாங்க. உளியும் அரமும் வச்சு நகாசு வேலை பண்றது வாரக்கணக்குல நடக்கும். கடைசியிலதான் கண் திறப்பு.

2023-இல டெல்லியில ஜி20 மாநாட்டு மண்டபத்து வாசல்ல வச்ச நடராஜர் எங்க ஊர்ல செஞ்சதுதான். 27 அடி, 18 டன். அதுக்கும் இதே மெழுகு, இதே மண்ணு.

நடந்துக்க வேண்டியது: தரையில மெழுகுத் துண்டு, கை கால் உருவமெல்லாம் கிடக்கும், தாண்டாதீங்க. வேலை முடியாத சாமியைப் படம் எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க. சில குடும்பத்துல பிடிக்காது. வாங்குறதுன்னா பட்டறையிலேயே வாங்குங்க, எந்தக் கை செஞ்சதுன்னு தெரிஞ்சு வாங்கலாம். ஒரு வருஷம் முன்னாடி எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்துக்கு, வெளியூர்ல ஒரு கடையில அச்சுல எடுத்த, உள்ள வெத்தா இருக்கிற பொள்ளல் சிலையை, உள்ளயும் கெட்டியா இருக்கிற சுவாமிமலைக் கன வார்ப்புன்னு சொல்லி வித்துட்டாங்க. அவங்க எடுத்துட்டு வந்து காட்டினப்ப மாமா ரெண்டு நாள் சாப்பிடல. கையில தூக்கிப் பார்த்தாலே கனம் சொல்லிடும்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோக, இது தொன்மைப் பொருள் இல்லைன்னு தொல்லியல் துறை சான்றிதழ் வாங்கி வச்சுக்குங்க. விமான நிலையத்துல நிம்மதி. பட்டறையிலேயே வழி சொல்வாங்க.

குறுவை

வண்டி ஓட்டுறவன் பக்கத்துலேர்ந்து ஒரு வார்த்தை. தஞ்சாவூர்ல காலை ஆறரைக்குக் கிளம்புங்க. பாபநாசம் வழியா சுவாமிமலை ஒரு மணி நேரம். புது நாலுவழிச் சாலை ஏறினா சீக்கிரம் போகலாம், ஆனா ஒரு வாய்க்காலும் கண்ணுல படாது. தரங்கம்பாடி போய்ச் சேர மொத்தம் 110 கிலோமீட்டர் சுமாருக்கு வரும். பொங்கல் சமயம்னா சம்பா அறுப்பு ஆரம்பிச்சிருக்கும். அறுப்பு மெஷின் ரோட்டை அடைச்சுக்கிட்டு வரும், நெல்லைத் தார் ரோட்டுல காயப் போட்டிருப்பாங்க. ஆரன் அடிக்காம ஓரமா போங்க. அது ஒரு குடும்பத்தோட வருஷ உழைப்பு. இருட்டினதும் அந்த நெல்லைச் சுத்தி கல்லு வச்சிருப்பாங்க, விளக்கு இருக்காது. அதனால திரும்பி வர்றப்ப கவனம். காணும் பொங்கல் அன்னைக்குத் தரங்கம்பாடி வேண்டவே வேண்டாம், கால் வைக்க இடம் இருக்காது.

ஆச்சாமரம்

குறுவை அண்ணன் சொன்ன வழியிலேயே கும்பகோணத்தைத் தாண்டி, ஆடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் நடுவில் நரசிங்கம்பேட்டை வருகிறது. எல்லோரும் காரில் பறந்து போகிற ஊர். தயவுசெய்து அரை மணி நேரம் நில்லுங்கள்.

நாகஸ்வரம் செய்கிற ஊர். ஆச்சா மரத்தில்தான் செய்வார்கள். அதிலும் புது மரம் ஆகாது. பழைய வீட்டை இடிக்கும்போது உத்தரத்தையும் தூணையும் வாங்கிவந்து கடைசல் பிடிப்பார்கள். பத்துப் பேர் கல்யாணம் பார்த்த வீட்டுத் தூண் மறுபடியும் கல்யாண வீட்டுக்கே வாத்தியமாகப் போகிறது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை சுருதி குறைந்த பாரி நாகஸ்வரத்துக்காகத் தேடிவந்து உட்கார்ந்த ஊர். 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாயில் வைத்து ஊதுகிற சீவாளியைத் திருவாவடுதுறையில் செய்கிறார்கள், ஆற்றங்கரைக் கொறுக்கைத் தட்டையில். இங்கும் காவேரிதான்.

என் தாத்தா வாசித்தவர். நான் வாசிக்கவில்லை. அந்தப் பட்டறைகளில் இன்று மிகச் சில குடும்பங்கள்தான் இருக்கின்றன என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பிஸ்பீ சுரங்கத்தில் வேலை செய்தவரே வழிகாட்டியாக வருவதை அரிசிலாறு எழுதியிருந்தார். இங்கே கடைசல் பிடிக்கிறவர் வேலையை நிறுத்திவிட்டு உங்களுக்குப் பதில் சொல்வார். அவர் நேரத்துக்கு ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.

வடசேரிக்காரன்

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊர் ஒரத்தநாடு பக்கம் வடசேரி. 2023 ஏப்ரலில் நிலக்கரி ஏலப் பட்டியலில் எங்கள் ஊர்ப் பெயர் வந்தது. மைக்கேல்பட்டியும் சேத்தியாத்தோப்பின் கிழக்குப் பகுதியும் கூட. 2020-இலேயே டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்ட பிறகும் வந்தது. அந்த நாலைந்து நாள் எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. பிறகு மூன்றையும் பட்டியலிலிருந்து நீக்குவதாக அறிவித்தார்கள்.

பழைய சுரங்க ஊர் அழகாக இருக்கிறது என்று படிக்கும்போது எனக்கு அந்த 900 அடிக் குழிதான் கண்ணில் நிற்கிறது. அங்கே அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். அரிசிலாறு அக்காமீது கோபமில்லை. ஒரத்தநாட்டு வழியாக வந்தால் எங்கள் வயலில் கரும்பு வெட்டித் தருகிறேன்.

அரிசிலாறு

தம்பி, நீங்கள் கேட்டது நியாயம். அந்தக் குழி ஒரு மலையாக இருந்த இடம், பக்கத்தில் மக்கள் குடியிருந்த பகுதிகளையும் அது தின்றுவிட்டது. அழகு என்று சொன்னது ஊரைத்தான். அந்தக் குழியின் முன்னால் நான் பேசாமல்தான் நின்றேன்.

நாகைக்கடல்

ஒரே ஒரு வேண்டுகோள். தரங்கம்பாடியில் கோட்டையைப் படம் எடுக்கிறவர்கள் அப்படியே மீனவர் தெருவுக்குள் கேமராவோடு போகிறார்கள். வலை பின்னுகிறவர்கள், கருவாடு காயப் போடுகிற அம்மாக்கள் எல்லோரும் காட்சிப்பொருள் ஆகிவிடுகிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அப்போதைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அந்தத் தெருவில் யாரையும் இழக்காத வீடு குறைவு. கடலைக் காட்டி "அலை எவ்வளவு உயரம் வந்தது" என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். மீன் வாங்குங்கள், விலை கேளுங்கள், பேச்சு தானாக வரும்.

பொறையாத்தங்கரை

நாகைக்கடல் சொன்னதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். நன்றி.

அப்பாவின் முழங்காலுக்கு ஒரு தகவல்: கோட்டையில் மேலே ஏறப் படி உண்டு, கைப்பிடித்துத்தான் ஏற வேண்டும். ராஜ வீதி சமதரை, கடல் வரை மெதுவாக நடக்கலாம். வரும்போது திருக்கடையூரைத் தாண்டித் தில்லையாடியில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். வள்ளியம்மை நினைவு மண்டபம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் காந்தியோடு சிறை சென்று, 1914-இல் பதினாறு வயதில் இறந்த பெண். அவர் பெற்றோரின் ஊர் என்று காந்தியே 1915-இல் இங்கே வந்து போனார். உங்கள் மூத்த பிள்ளைக்கு வயது பதிமூன்று என்றீர்கள்.

மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ரயிலும் ஓடியது. 1926-இல் வந்து, 1986-இல் நிறுத்தப்பட்டது. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று வரும். தண்டவாளம் கிடந்த மேடு சில இடங்களில் சாலையிலிருந்தே தெரியும்.

அரிசிலாறு

போய்வந்துவிட்டோம். நேற்று இரவுதான் திரும்பினோம்.

சுவாமிமலையில் ஒரு மணி நேரம் என்று திட்டம், மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. மெழுகு பிடிக்கிற பெரியவர் சின்னவன் கையில் ஒரு உருண்டையைக் கொடுத்து, "விரல் செய்"யென்றார். அவன் செய்ததை மறுக்காமல் வாங்கிப் பார்த்து, ஓலையை வைத்து அளந்து, "நடுவிரல் நீளம் போதாது" என்று சொல்லித் திருத்தினார். செம்பு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று மூத்தவள் கேட்டாள். கும்பகோணத்தில் கடையில் வாங்குவோம், அதற்கு முன்னால் எங்கிருந்து வருமோ என்றார். அவள் பிஸ்பீ பற்றி அவருக்குச் சொன்னாள், நான் தமிழில் எடுத்துக் கொடுத்தேன். குழி எத்தனை ஆழம் என்று இரண்டு தடவை கேட்டார். ஒரு சாண் உயரப் பிள்ளையார் வாங்கினோம். வண்டல் தம்பி, கனம் பார்த்துத்தான் வாங்கினேன். சான்றிதழுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

நரசிங்கம்பேட்டையில் அன்று ஒரே ஒரு பட்டறைதான் திறந்திருந்தது. துளை போட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு வாசித்துக் காட்டினார். அந்த மரம் எந்த வீட்டுத் தூண் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தரங்கம்பாடிக்கு நாலரைக்குப் போனோம். கோட்டைக்கு அப்பா வரவில்லை. மதில் ஓரம் உட்கார்ந்துகொண்டார். திரும்பி வந்தபோது ஆளைக் காணோம். பதறிப்போய்த் தேடினால், ஒரு மீன்காரம்மாவிடம் ரயில் ஸ்டேஷன் இருந்த இடத்துக்கு வழி கேட்டுக்கொண்டிருக்கிறார். அம்மாவின் ஊர் தில்லையாடி. பெண் பார்க்க அந்த ரயிலில்தான் வந்தாராம். ஸ்டேஷனில் இறங்கியதும் மழை, குடை இல்லை, வெள்ளை வேட்டியெல்லாம் சேறு. இதை இத்தனை வருஷத்தில் எங்களிடம் சொன்னதே இல்லை. அம்மா போய் ஆறு வருஷமாகிறது. தில்லையாடியில் வண்டியை நிறுத்தி அந்த மேட்டின்மேல் கொஞ்ச நேரம் நின்றோம். முழங்கால் வலி என்று அவர் சொல்லவே இல்லை.

வாத்தியார் ஐயா, அந்த ரயிலின் படம் யாரிடமாவது இருக்குமா?

பொறையாத்தங்கரை

என் அண்ணனிடம் ஒரு படம் இருந்த ஞாபகம். பொறையார் ஸ்டேஷன் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன். அப்பா வந்தது எந்த வருஷம் என்று கேட்டு எழுதுங்கள் அம்மா.

அரிசிலாறு

1977 ஐப்பசி என்கிறார் ஐயா. காலை வண்டியாம்.